கஞ்சி குடித்தார் என்று சொன்னவள்

தம்பி,

அன்று ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில், சமையற்கட்டுக்குப் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறையில், பொழுது விடியும் நேரத்தில் நின்றவர்கள் ஐந்து பேர். உன் பெரிய அத்தை பூரணி. உன் அப்பாவுக்குத் தாய்மாமன் சிதம்பரம். சமையல்காரர் ராமையா. முசிறியில் நம் வாழைத் தோட்டத்தையும் உன் தாத்தாவையும் பார்த்துக்கொண்டிருந்த மாரிமுத்து. ஐந்தாவது ஆள் நான். வெளியே மண்டபத்தில், ஒன்றும் தெரியாமல் இருந்தவர்கள் மூன்று பேர்: கல்யாணப் பெண்ணான உன் சின்ன அத்தை வசந்தா, உன் அப்பா, பத்து வயது நீ. உன் புத்தகத்தில் பன்னிரண்டு பெரியவர்கள் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு பேருக்கும் தெரியும், பன்னிரண்டு பேரும் அந்தப் பையனிடம் பொய் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். நாவல் என்றால் கூட்டிக் குறைத்துத்தான் எழுதுவார்கள் அத்தை என்று உன் பெண்டாட்டி மாலதி எனக்குச் சமாதானம் சொன்னாள். கூட்டிக்கொள், குறைத்துக்கொள், ராமையாவுக்கு இல்லாத மீசையை வைத்துக்கொள், எனக்கென்ன. ஆனால் தெரியாத ஒருவரைத் தெரிந்தவராக எழுதிவிட்டாய். அதைத் திருத்தாமல் நான் போக முடியாது.

உன் அப்பா பேரை நான் எழுதவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டியவர் பேரையும் மாமனார் பேரையும் நான் வாயால் சொன்னதில்லை. உனக்கோ உன் தாத்தா பேரையே வைத்துவிட்டார்கள். அதனால் பெற்ற பிள்ளையை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து எனக்கு நீ தம்பிதான். உன்னை ஸ்கூலில் சேர்க்கப் போனபோது, பேர் சொல்வதற்கென்றே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூடக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இந்தம்மாவுக்கு மகன் பேரே தெரியாதா என்று. அந்தப் பார்வையையும் நான் மறக்கவில்லை.

உன் புத்தகத்தைப் படிக்க எனக்கு இருபத்திரண்டு நாள் ஆயிற்று. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், வரிக்குக் கீழே விரலை வைத்துத்தான் படிப்பேன். மாலதியின் தம்பிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய், எனக்குக் கொடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த உன் மகள் கயல் பையில் இருந்ததை எடுத்துப் படித்தேன். இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கலாம், மன்னார்புரத்தில் ஒரே கூரையின் கீழ்தானே இருக்கிறோம். நான் குரலை உயர்த்தினால், "பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்பாய். காகிதம் மாத்திரையைப் பற்றிக் கேட்காது. அதோடு, நீ ஊரறிய எழுதினாய். நானும் ஊரறியத்தான் எழுதுகிறேன். உன் புத்தகத்தைப் படித்தவர்கள் இதையும் படிக்கட்டும். முக்கியமாகக் கயல் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள் அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கண்ணை மூடினால் கிழவி தூங்கிவிட்டாள் என்று நினைப்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். ஹாலில் நீயும் மாலதியும் அவள் தம்பியும் கயல் கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை கொடுப்பது என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். மாலதியின் தம்பி குரலைத் தாழ்த்தி, "அத்தான், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. டாக்டர் சொன்னதப் பாத்தா, நடுவுல அத்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றது?" என்றார். நீ யோசிக்கக்கூட இல்லை. "தாலி ஏறுற வரைக்கும் கயலுக்குத் தெரிய வேண்டாம். கேட்டா, பாட்டி ஆஸ்பத்திரியில நல்லா இருக்காங்க, கஞ்சி குடிச்சாங்கன்னு சொல்லிக்கலாம். அப்புறம் நான் பேசிக்கிறேன்." மாலதி, "பாவங்க அவ" என்றாள். "அவளுக்காகத்தான சொல்றேன்" என்றாய்.

அவளுக்காகத்தான். அந்த வார்த்தையை இதற்கு முன் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டேன். கஞ்சியோ, அது நான் சொன்னது. நாற்பது வருஷம் கழித்து என் பொய்யை நீ ஒரு சொல் மாறாமல் எடுத்துச் சொன்னபோது எனக்கு நெஞ்சு வலி வந்ததா என்று கேட்காதே. வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கும்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். உன் தாத்தாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பாட்டி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசிப் பெண் வசந்தாவின் கழுத்தில் தாலி ஏறுவதைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தோம். முசிறியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் அப்பாவும் நானும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. நாம் கிளம்புகிற அன்று அவர் உன்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒரு பக்கம் கோணிய வாயோடு, "தாலி கட்டின ஒடனே மொத பஸ்ஸப் புடிச்சு நீ வந்து சொல்லணும். மத்தவன் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொன்னாத்தான் நம்புவேன்" என்றார். உன் புத்தகத்தில் இது இருக்கிறது, சரியாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு நீ இரண்டு நாள் சட்டை காலரை இழுத்து விட்டுக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி நடந்ததை எழுதவில்லை. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

முகூர்த்தத்தன்று விடியும் நேரம். நான் தாம்பூலப் பைக்குத் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூரணி பக்கத்தில் உட்கார்ந்து, நான் எடுத்து வைத்த தேங்காயை எல்லாம் ஆட்டிப் பார்த்துத் திருப்பி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தேங்காய் பார்க்கத் தெரியாது என்று காட்டுவதற்காக. பின் கதவில் மாரிமுத்து வந்து நின்றார். முசிறியிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். தலையில் வாழைச் சருகு. வேட்டியில் கறை. "அண்ணி" என்றார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலைவிட்டு நகராமல் உன் தாத்தாவைப் பார்த்துக்கொள்கிற மனிதர் இங்கே வந்து நிற்கிறார் என்றால் அங்கே பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

பூரணி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் சிதம்பரம் மாமா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். காபி கேட்டு வந்தவர். கேட்டதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார், திறந்தபோது முகம் கல்லாகிவிட்டது. "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தாலி ஏறட்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்ட்டு எந்திரிக்கட்டும். அப்புறம் அழுவலாம்." நான், "அவருக்காவது சொல்லணும்ல? பெத்த அப்பாவாச்சே" என்றேன். "சொன்னா அவன் மணையில உக்காருவானா? தீட்டோட உக்காரலாமா? கல்யாணம் நின்னா, வாசல்ல கால் வெக்கறதுக்கு முன்னாடியே அப்பன முழுங்கினவன்னு பேர் வாங்கிட்டு வசந்தா உக்காந்திருப்பா. வருஷம் முடியாம வேற முகூர்த்தம் கிடையாது. அது வரைக்கும் எவன் காத்துட்டு இருப்பான்? அவளுக்காகத்தான்மா சொல்றேன். தாலி ஏறிட்டா அவ வேற வீட்டுப் பொண்ணு." ராமையா அண்டாவுக்குக் கீழே தீயைக் குறைத்துவிட்டு நின்றவர், "எலை எத்தனை மணிக்குங்க போடணும்?" என்று கேட்டார். மாமா, "சொன்ன நேரத்துக்கு" என்றார். ராமையா தீயை ஏற்றினார்.

பூரணி அரிசி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வராத அழுகை. அப்புறம் எழுந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, பொட்டை நேராக வைத்துக்கொண்டு, தங்கைக்குத் தலை பின்னப் போனாள். போகும்போது என் பக்கம் திரும்பி, "கண்ணத் தொடச்சுக்க. மணையில உக்காரப் போறவ" என்றாள். என் கல்யாணத்தில் எனக்கு வைத்த பூ வாடல் என்று நாலு பேர் முன்னால் சொன்னவள் அவள். அதற்காக அவளை நான் விட்டதில்லை. ஆனால் அந்த மூட்டையையும் நான் மறந்ததில்லை.

நீ அப்போதுதான் பின்பக்கம் வந்தாய். மாரிமுத்து குத்துக்காலிட்டுக் காபி குடிப்பதைப் பார்த்தாய். அவரைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றவில்லை. "மாரிமுத்தண்ணன் இங்க இருந்தா தாத்தா கூட யாரு இருக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாய். பூரணி, "பக்கத்து வீட்டு ஆயா இருக்கா, போடா" என்றாள். ராமையா, "தாத்தா தூங்குறாராம் தம்பி, இந்தா வடை" என்றார். சிதம்பரம் மாமாதான் எல்லோரையும் மிஞ்சினார். "மாரிமுத்தா? அவன் எங்கடா வந்தான், கனவு கினவு கண்டியா?" என்றார். மாரிமுத்து அவருக்குப் பின்னால் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். நீ மாமாவையும் பார்த்தாய், மாரிமுத்துவையும் பார்த்தாய். கடைசியில் என்னிடம் வந்தாய். நான் முந்தானையால் உன் வாயில் ஒட்டியிருந்த வடைத் தூளைத் துடைத்துக்கொண்டே, "தாத்தா கஞ்சி குடிச்சிட்டு நிம்மதியா தூங்குறாரு. கல்யாணத்தப் பாத்துட்டு வாடான்னு அவருதான் மாரிமுத்துவ அனுப்பி வெச்சாரு" என்றேன்.

உன் நாவலில் அந்தப் பையன், பெரியவர்களுக்கெல்லாம் ஒரே வாய் என்று நினைக்கிறான். அங்கே நான் விரலை எடுத்துவிட்டுச் சிரித்தேன். ஒரே வாயாக இருந்திருந்தால் உன்னால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. என்ன பொய் சொல்வது என்று பேசிவைத்துக்கொள்ளக்கூட எங்களுக்குப் புத்தியில்லை. ஆளுக்கு ஒரு பொய், ஆளுக்கு ஒரு வாய். நாலு பொய்யும் ஒன்றோடொன்று இடித்ததால்தான் நீ ஐந்தாவது ஆளிடம் போனாய். யாரை நம்பாவிட்டாலும் நீ நம்புகிற ஆளிடம். உன் அப்பாவிடம்.

இங்கேதான் தம்பி, நீ நன்றாகக் கேட்க வேண்டும். நீ போவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அவரிடம் போயிருந்தேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மணையில் உட்காரத் தயாராக நின்றார். "மாரிமுத்து வந்திருக்கானாமே, அப்பாவுக்கு என்ன?" என்று பதறிப்போய்க் கேட்டார். உனக்குச் சொன்ன அதே வார்த்தையை அவருக்கும் சொன்னேன். கஞ்சி குடித்தார், தூங்குகிறார், கல்யாணத்தைப் பார்த்துவிட்டு வரச்சொன்னார். ஏழு மாதமாக இறுகிக் கிடந்த அந்த முகம் விரிந்ததை நான் பார்த்தேன். "கஞ்சி குடிச்சாரா! வாய் தொறந்தாரா!" என்று சிரித்தார். கண் கலங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் நீ கேட்டதற்கு, "கஞ்சி குடிச்சிட்டாராம்டா!" என்று உன் தலையைத் தடவினார். உன் புத்தகத்தில் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அந்தச் சிரிப்பை எழுதியிருக்கிறாய், பிணத்தை மறைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு என்று. அது பிழைத்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு. என் பொய்யை அவர் உண்மை என்று நினைத்து உனக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைமேல் என் கையால் தண்ணீர் ஊற்றினேன். வசந்தா மேற்கே திரும்பி, முசிறியில் படுத்திருக்கிற அப்பாவை நினைத்துத் தரையில் விழுந்து கும்பிட்டாள். மேளம் கொட்டியது. நான் அட்சதை போட்டேன்.

தாலி கட்டிய மறு நிமிஷம் நீ கிளம்பிவிட்டாய். மொத பஸ், மொத பஸ் என்று எல்லோர் காலையும் சுற்றினாய். மாப்பிள்ளையின் அம்மா, "தம்பி எங்க போகணும்ங்குது?" என்று கேட்க ஆரம்பித்தாள். சிதம்பரம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவன மாரிமுத்தோட அனுப்பிடு. இங்க இருந்தா காரியத்தக் கெடுத்துடுவான்" என்றார். மாரிமுத்து என்னிடம், "வழியில தம்பிகிட்ட சொல்லிடட்டா அண்ணி?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பஸ்ஸில் அழுதால் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள், சேதி இங்கே திரும்பி வரும் என்றேன். அதோடு நிற்கவில்லை. தாத்தாவுக்கு என்று நீ கேட்டதால் வாழை இலையில் கேசரி வைத்து, நூல் சுற்றி, உன் கையில் கொடுத்தேன். செத்தவருக்குக் கேசரி மடித்துக் கொடுத்தவள் நான். நீ எழுதியபடி அப்பா கொடுக்கவில்லை. அவர் வாசல் வரைக்கும் வந்து உன்னை வண்டியில் ஏற்றிவிட்டு, "தாத்தாவுக்குக் காது மந்தம்டா, நல்லா சத்தமா சொல்லு!" என்றார். விருந்து முடிந்து இலையெடுத்த பிறகு, மத்தியானம்தான் அவருக்குச் சொன்னார்கள். நீ அதற்குள் கொள்ளிடம் பாலம் தாண்டி, குணசீலம் தாண்டி, முசிறிக்கே போய்ச் சேர்ந்திருந்தாய். அப்பனுக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிட்டது.

உன் நாவலில் பையன் தெரு முனையில் சங்குச் சத்தம் கேட்டு, பொட்டலத்தை வாய்க்காலில் எறிந்துவிட்டு ஓடுகிறான். நீ எறியவில்லை. மாரிமுத்து சாகும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவார். நீ கூட்டத்துக்குள் புகுந்து போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பொட்டலத்தை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாயாம். வைத்துவிட்டு, "தாத்தா, தாலி கட்டியாச்சு" என்று கத்திச் சொன்னாயாம். அப்பா சொன்ன மாதிரியே சத்தமாக. தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம். இதை ஏன் நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்ததா? எனக்குப் புத்தகம் முழுவதிலும் இல்லாத அந்த ஒன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. அன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றியது நீ ஒருவன்தான்.

சாயங்காலம் நாங்கள் காரில் வந்து இறங்கினோம். நீ தோட்டத்துப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாய். அப்பா உன்னிடம் வந்தார், கையை நீட்டினார். நீ எழுந்து நின்று, "கஞ்சி குடிச்சார்னு சொன்னீங்கள்ல?" என்று கேட்டாய். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்தது. எனக்கும் புரிந்தது, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று. "ஆமாண்டா. சொன்னேன்" என்றார். எனக்குத் தெரியாதுடா என்றோ, உங்கம்மா சொன்னாள் என்றோ அவர் சொல்லவில்லை. நீ அவர் கையைத் தட்டிவிட்டு என்னிடம் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். நான் உன்னை அணைத்துக்கொண்டேன்.

அதுவரைக்கும் அப்பா வேலை பார்த்த பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் சாயங்காலச் சங்கு ஊதினால் நீ அதன் கேட்டுக்கு ஓடுவாய். அப்பா சைக்கிள் பாரில் உன்னை ஏற்றிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரைக்கும் வருவார். அந்தக் காரியம் முடிந்து திருச்சிக்குத் திரும்பிய பிறகு நீ ஒரு நாளும் போகவில்லை. அவர் மட்டும் ரிட்டயர் ஆகிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்புவாராம். கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நீ வளர்ந்தாய். அவர் சொன்ன படிப்பைப் படிக்கவில்லை, அவர் சொன்ன டாக்டரிடம் போகவில்லை, அவர் மழை வரும் என்றால்கூட வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுப்பாய். நான் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்வாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் என் இடுப்பிலிருந்தும் உன் கை போய்விடும். பிள்ளை யாராவது ஒருவரையாவது நம்பட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஒருவர் நானாக இருந்தால் நல்லது என்பதுதான் உள்ளே இருந்தது. அவருக்குச் சேர வேண்டிய நம்பிக்கையை எடுத்து நாற்பது வருஷம் நான் வைத்துக்கொண்டேன். இதற்குத் திருட்டு என்றுதான் பேர்.

அவர் படுக்கையில் விழுந்தபோது ஒரு நாள், "தம்பிகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன். "வேணாம்" என்றார். "இப்ப சொன்னா அவனுக்கு ரெண்டு பேருமே இல்லாமப் போயிடுவோம். நீயாவது இரு." அதுதான் அவர் குணம். இரண்டு வருஷம் முன்பு அவருக்கு நீ கொள்ளி வைத்தபோது உன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரே உன்னைத் தைரியசாலி என்றது. நான் அதையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இன்றைக்கு அவர் சொல்லை மீறுகிறேன். கோபித்துக்கொள்வாரென்றால் கோபித்துக்கொள்ளட்டும், கூடிய சீக்கிரம் நேரில் பார்த்துப் பேசிக்கொள்கிறேன். நான் என்னை மன்னித்துக்கொண்டேனா என்று நீ கேட்க வேண்டாம். அது எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற பேச்சு.

வசந்தாவுக்கு அன்று இரவு மாப்பிள்ளை வீட்டில் வைத்துச் சொன்னார்கள். அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள், சிதம்பரம் மாமா சொன்னது பலித்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவள் வீட்டில் ஒரு கல்யாணப் போட்டோ கிடையாது. ஒரு தரம் நான் கேட்டேன், ஆல்பத்தை எங்கே வைத்திருக்கிறாய் என்று. "பாக்க முடியல அண்ணி. ஒவ்வொரு போட்டோலயும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அப்ப எங்கப்பா செத்து நாலு மணி நேரம் ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் மேக்கால பாத்து விழுந்து கும்பிட்டேனே, அப்ப நீங்க பக்கத்துல என்ன நெனச்சுட்டு நின்னீங்க?" என்றாள். கயல் உன்னிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வாய்? முந்நூறு பக்கம் எழுதத் தெரிந்தவன், ஒரு வரி சொல் பார்ப்போம்.

கயலுக்கு இருபத்தாறு வயது. தனியாக ஊர் விட்டு ஊர் போய்ச் சம்பாதிக்கிறாள், தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள். நான் போய்விட்டால் அந்த நிமிஷமே அவளிடம் சொல். தலை பாதி பின்னியிருந்தாலும் சொல். மணையில் உட்கார்ந்திருந்தாலும் காதில் சொல். மேளத்தை நிறுத்தச் சொன்னால் நிறுத்து. கட்டிக்கொண்டு வந்து பாட்டியைப் பார்க்கிறேன் என்றால் கட்டிக்கொள்ளட்டும், எனக்கு இரண்டும் சம்மதம். தீட்டு என்று எவனாவது பேசினால், செத்தவளே சம்மதம் கொடுத்து எழுதிவைத்திருக்கிறாள் என்று இந்தக் காகிதத்தைக் காட்டு. அவள் சிரித்தால் தெரிந்து சிரிக்கட்டும், அழுதால் தெரிந்து அழட்டும். இதைப் படித்த பிறகு அவள் பெங்களூரிலிருந்து தினம் போன் பண்ணி, "பாட்டி எப்படி இருக்காங்கப்பா?" என்று கேட்பாள். நீ சொல்வதை அவள் நம்ப வேண்டும். அது ஒன்றுதான் நீ அவளுக்குப் போடுகிற சீர். மற்ற பாத்திரம் பண்டமெல்லாம் கடையில் கிடைக்கும்.

அந்த அறையில் நின்ற ஐந்து பேரில் என்னைத் தவிர எல்லோரும் போய்விட்டார்கள். மாரிமுத்து வாயைத் திறக்கவிடாமல் செய்தது நான்தான், அவர் மேல் குற்றமில்லை. ராமையாவுக்கு இருநூறு இலை போட வேண்டியிருந்தது. பூரணி மேல் எனக்குப் பூ விஷயத்தில் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு. சிதம்பரம் மாமா அன்று இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்ததை நான் பார்த்தேன். ஆனாலும் அவர் செத்தபோது போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அந்த ஒரு நாளுக்காக மட்டும் எல்லோரையும் விட்டுவிட்டேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்தார்கள். அந்தப் பொய் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தெரிந்த ஒருவன் இருக்கிறான். கேசரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவன். அதையே முந்நூறு பக்கம் எழுதி ஊருக்குக் காட்டியவன். அவன் தெரிந்துகொண்டே என் பேத்தியிடம் கஞ்சிக் கதை சொன்னால், நான் செத்த பிறகும் அவனை மன்னிக்க மாட்டேன். மாமனார் பேரைச் சொன்ன குற்றம் என்னோடு போகட்டும்.

அவன் பேர் அருணாசலம்.